மனுவில் நான் எழுதாத வரி

எங்கள் தெருக்காரர்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனுவை எழுதியது நான். அந்த மனு ஜெயித்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு எழுதியதும் நான்தான். நான்கு வருடங்கள் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், என் மனைவியிடம்கூட. எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. நாங்கள் எதிர்த்த கட்டடம் பதினான்கு மாடி எழும்பிவிட்டது. வாசல் தெளித்த ஈரம் காயப் பத்து மணி ஆகிறது.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்த காலத்தில் சங்கிலியும் லிங்க்கும்தான். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எனக்கு ‘சர்வேயர் சார்’ என்றுதான் பெயர். பட்டாவில் பிழை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டார், பாகப்பிரிவினைக்கு வரைபடம் வேண்டும் என்று எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்ன அளவை யாரும் திரும்ப அளந்து பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் விற்றேன். பணம் எதுவும் கைமாறவில்லை என்பதால் அது விற்பனை இல்லை என்று ஆகிவிடாது.

தென் சென்னையில், வேளச்சேரிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் தெரு. பெரும்பாலும் ஒரு கிரவுண்டு மனைகள், கீழும் மாடியுமாக வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம். தெருவின் உள்கோடியில் ஒன்றரை ஏக்கரில் பழைய மரவாடி ஒன்று இருந்தது. 2021-ல் அது கைமாறியது. பூமிக்குள் இரண்டு தளம், மேலே பதினெட்டு மாடி, நூற்றெண்பது வீடு வரப்போகிறது என்று தெரிந்ததும் தெரு கலங்கிப்போனது.

கலக்கம் நியாயமானது. எங்கள் சங்கச் செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கணக்குப் போட்டே பேசுவார். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நூற்றெண்பது வீட்டுக்கு ஒரு நாளைக்கு 97,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி தினமும் எட்டு நடை. அதில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே போவதற்கும் வழி வேண்டும். இரண்டு அடித்தளம் தோண்டினால் பக்கத்து வீட்டு அஸ்திவாரம் என்ன ஆகும், மழைநீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டார்கள். மாடி வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் வீடு வேண்டும், நிலம் குறைவு, மேலே போவதைத் தவிர வழியில்லை என்பது எங்களுக்கும் தெரியும். இந்தத் தெரு இந்தச் சுமையைத் தாங்குமா என்பது ஒன்றுதான் கேள்வி.

அதைச் சொல்ல எங்களுக்கு மேடை எதுவும் இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுபவர்கள் சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அதற்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து யாரும் கேட்கப்போவதில்லை. மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். அப்படியானால் அந்த மனு சரியான இடத்தில் குத்த வேண்டும். செயலாளர் என் வீட்டுக்கு வந்து, “விதி என்ன சொல்லுதுன்னு பாத்து நீங்களே எழுதிடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

எனக்குத் தெரியும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். எஃப்.எஸ்.ஐ. என்று எல்லாரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டடத்துக்கு 2. உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 வரை போகலாம், பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம். ஆனால் அந்த 3.25 முழுதாகக் கிடைக்க மனைக்கு முன்னால் 18 மீட்டர் சாலை வேண்டும். சாலை ஒடுங்க ஒடுங்கக் குறியீடும் குறையும், உயரத்துக்கும் வரம்பு வரும். இதில் அர்த்தம் இருக்கிறது. தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டும். அது நிற்கும்போதே ஆம்புலன்ஸ் வெளியே போக வேண்டும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். தெருவில் வேறு யாருக்கும் அது தெரியாது. மனைக்கு எதிரே மட்டும் 18 மீட்டர் இருந்தால் போதாது. அந்த அகலம் சாலையில் குறைந்தது 500 மீட்டர் நீளத்துக்கு இருக்க வேண்டும் என்று சென்னையின் வளர்ச்சி விதிகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். பொதுவாகப் 18 மீட்டர் இருக்கிற சாலையில் ஒரு நெளிவில் 17.8 ஆகக் குறைந்தால் பரவாயில்லை. பொதுவாகப் 15 மீட்டர் இருக்கிற சாலை, மனைக்குப் பக்கத்தில் மட்டும் 18-க்கு மேல் விரிந்தால் அது செல்லாது. எங்கள் தெருவைப் பார்த்து எழுதியதுபோலவே இருந்தது அந்த இரண்டாவது உதாரணம். மரவாடிக்கு லாரி வந்து திரும்புவதற்காக அதன் வாசலில் மட்டும் சாலை அகலமாக இருந்தது.

2021 செப்டம்பரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முப்பது மீட்டர் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். எதிர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாவின் பேத்தி வாசலில் நின்றாள். ஐந்தாம் வகுப்பு. கொரோனாவில் அவர்களுக்கு இன்னும் பள்ளி திறக்காத நேரம். “நான் புடிக்கிறேன் தாத்தா” என்று ஓடி வந்தாள். வளையத்தை வடிகால் ஓரத்தில் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து இடத்தில் அளந்தோம். மரவாடி வாசலில் 19.20. மற்ற இடங்களில் 14.60, 14.10, 13.80. பிள்ளையார் கோயிலுக்கும் எதிரே இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே 13.40.

அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மறுமுனையை விடாமல் குந்தியபடியே அவள் கேட்டாள்: “எவ்ளோ தாத்தா வந்துச்சு?”

“சரியாத்தான் இருக்கும்மா. விட்டுடு, சுத்திக்கறேன்.”

இதைத்தான் சொன்னேன். முப்பத்து நான்கு வருட வேலையில் அளவைக் கேட்டவரிடம் நான் அளவை மறைத்தது அதுதான் முதல் முறை. அதையும் ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் செய்தேன்.

ஏன் என்று சொல்லியாக வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் டீக்கடையில் ஒரு புரோக்கர் என்னிடம், “மரவாடில பதினெட்டு மாடி வந்துட்டா உங்க வரிசைக்கும் அதே கணக்குதான் சார். ஆறு வீடு சேந்து குடுத்தீங்கன்னா ஜாயின்ட் வென்ச்சர் எடுக்க ஆள் ரெடி” என்று சொல்லியிருந்தார். அது மனதில் விழுந்து கிடந்தது. டேப்பைச் சுற்றி வைத்துவிட்டு அன்று இரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஆறு கிரவுண்டு, 14,400 சதுர அடி. குறியீடு 2 என்றால் 28,800 கட்டலாம். 3.25 என்றால் 46,800. வித்தியாசம் 18,000. அதில் பாதி நிலத்துக்காரர்களுக்கு, 9,000. ஆறில் ஒரு பங்கு என்னுடையது, 1,500 சதுர அடி.

1,500 சதுர அடி என்றால் என் இளைய மகளுக்கு ஒரு வீடு. மாப்பிள்ளைக்கு வேலை போய் அவர்கள் மாதா மாதம் வாடகைக்குத் திணறிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் சாலை 14 மீட்டர் என்று நானே எழுத்தில் கொடுத்துவிட்டால், மரவாடிக்கு மட்டும் இல்லை, எங்கள் வரிசைக்கும் அந்த 3.25 போய்விடும். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் கவர் கொடுக்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே எனக்கு விலை வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். செயலாளர் நேராகவே கேட்டார், “ரோடு அகலம் பத்தி ஏதாவது இருக்கா சார்?” நான் சொன்னேன்: “மரவாடி முன்னாடி பத்தொன்பது மீட்டர் இருக்கு. அந்தப் பேச்சு நமக்கு ஆகாது.” சொன்னது உண்மை. சொல்லாமல் விட்ட நான்கு அளவுகளால் அது பொய் ஆனது.

அதோடும் நிறுத்தவில்லை. பின்வரிசையில் ஒரு இளைஞர், “தெரு முழுக்க அளந்து பாத்துடலாமே சார்” என்றார். அந்தப் பேச்சை அங்கேயே அணைக்க வேண்டியிருந்தது. “அளவுன்னு ஆரம்பிச்சா அவங்க நம்ம வீட்டையும் அளக்கச் சொல்லுவாங்க தம்பி” என்றேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. அது அமைதியாகும் என்று தெரிந்துதான் சொன்னேன். எங்கள் தெருவில் பக்கவாட்டு இடத்தை முழுசாக விட்டுக் கட்டிய வீடு ஐந்தோ ஆறோதான். மாடிப்படியை வெளியே நீட்டியவர்கள், பக்கச் சந்தில் ஒரு அறை எடுத்தவர்கள், மொட்டை மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன் போட்டவர்கள். 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியதற்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தபோதும் பாதிப் பேர் விண்ணப்பிக்கவில்லை. யார் வீட்டில் எத்தனை அடி மீறல் என்று எனக்குத் தெரியும், அவர்கள் நம்பி என்னிடம் காட்டிய வரைபடங்களால். அந்த நம்பிக்கையையே அவர்கள் வாயை அடைக்கப் பயன்படுத்தினேன். மறைத்ததைவிட இது பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன்.

மனுவை எழுதினேன். நான்கு பக்கம். காற்று, வெளிச்சம், தெருவின் அமைதி, பெண்கள் மாடியில் துணி காயப்போட முடியாத சங்கடம், குழந்தைகள் விளையாடும் இடம், வெள்ளம் வந்த வரலாறு எல்லாம் இருந்தன. எதுவும் பொய்யில்லை. படித்துக் காட்டியபோது மாவுக்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க மனசுல இருக்கறத அப்படியே எழுதிட்டீங்க சார்” என்றார். உருக்கமாக எழுதினால் போதும் என்று எல்லாரும் நம்பினார்கள். உருக்கத்தைக் கோப்பில் வைத்து மூடிவிடலாம், அளவைத்தான் அப்படி மூட முடியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். ‘சாலையின் பொது அகலம் 14 மீட்டர், அனுமதிக்கும் முன் 500 மீட்டருக்கு நேரில் அளந்து பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அதைப் படிக்கிற அதிகாரி பதில் எழுதியாக வேண்டியிருந்திருக்கும். அந்த வரியை நான் எழுதவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அனுமதி வந்தது.

2022 ஆகஸ்ட் 28, ஞாயிறு. விதி மீறிக் கட்டிய நொய்டா இரட்டைக் கோபுரத்தை இடிப்பதை டிவியில் பார்க்கச் செயலாளர் வீட்டில் கூடியிருந்தோம். மதியம் இரண்டரை மணிக்குப் பொத்தானை அமுக்கினார்கள். குதுப் மினாரைவிட உயரமான இரண்டு கட்டடங்கள் சில விநாடிகளில் தூசாகி உட்கார்ந்தன. சுமார் 3,700 கிலோ வெடிபொருள். அதே வளாகத்தில் குடியிருந்தவர்கள் 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014-ல் இடிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர்கள் வழக்கின் முக்கியமான ஆணி ஒரு தூரம். புதிய கோபுரத்துக்கும் பக்கத்துக் குடியிருப்புக் கட்டடத்துக்கும் நடுவே 16 மீட்டர் இருந்திருக்க வேண்டும், இருந்தது ஒன்பதுதான். டிவியில் தூசி அடங்குவதைப் பார்த்துக்கொண்டே செயலாளர் சொன்னார்: “அவங்ககிட்ட அளவு இருந்தது சார். நம்மகிட்ட மனசுதான் இருந்தது.”

என் வீட்டு அலமாரியில், பழைய அளவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ஐந்து எண்கள் இருந்தன. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். கட்டடம் அப்போது அஸ்திவாரம்கூட எடுக்கவில்லை. சொன்னால் ஒரு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். முதலில் ஆசைக்காக மறைத்தேன். பிறகு மறைத்ததை மறைப்பதற்காக மறைத்தேன். இரண்டாவது வகைக்கு முடிவே இல்லை.

2023-ல் பள்ளம் தோண்டினார்கள். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் சரிந்து, அதில் சிக்கிய இரண்டு பேரின் உடல்களை எடுக்க நாள்கணக்கில் தண்ணீர் இறைத்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. அந்த இரவுகளில் எங்கள் மரவாடிப் பள்ளம் நினைவில் வந்து எனக்குத் தூக்கமில்லை. மழை விட்ட பிறகு மாவுக்கடை அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டின் பின்சுவர் மரவாடி எல்லையை ஒட்டியது. கிரைண்டர் வைத்திருக்கும் அறையில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல். என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. “இது ஏதாவது ஆகுமா சார்? நீங்க பாத்து சொன்னா நிம்மதியா இருக்கும்” என்றார். அந்த அறையில்தான் பேத்தி படுக்கிறாள்.

அப்போதும் சொல்லவில்லை. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அகலமாகிறதா என்று கவனிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மனச்சாட்சி உள்ளவன் செய்கிற வேலைபோல அது இருந்தது. இந்த ஆண்டு வைகாசியில் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டு அந்தக் கோடுகளைக் காட்டினார். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. என் கையெழுத்தில் என் குற்றம் அளவோடு நின்றது. வீட்டுக்கு வந்து முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “உன் பொண்ணு கேட்டாளா இந்த வீட்ட?” என்று மட்டும் கேட்டாள். கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடுத்த வருடமே வேறு வேலை கிடைத்துவிட்டது. என் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் ஆசைப்பட்டது எனக்காகத்தான்.

அந்த ஞாயிறு அதே மண்டபத்தில் எழுந்து நின்று ஐந்து அளவுகளையும் படித்தேன். எப்போது அளந்தேன், ஏன் மறைத்தேன், 1,500 சதுர அடிக் கணக்கு, அளவு பேச்சை எப்படி அடக்கினேன் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கத்தவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மாவுக்கடை அம்மாதான் கேட்டார்: “அன்னிக்கு டேப்ப புடிச்சது என் பேத்திதானே சார்?” ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார்.

வழக்கறிஞரைப் பார்த்தோம். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அனுமதி வந்தபோதே ஏன் வரவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்றார். பாதிக்கு மேல் வீடுகள் விற்றுவிட்டன. வாங்கியவர்கள் வங்கிக் கடனில் மாதத் தவணை கட்டுகிறார்கள். அவர்களும் என்னை மாதிரி ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள்தான், யாரையும் ஏமாற்றாமல். 2021-லேயே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் குடும்பத்தினர் இந்த இக்கட்டில் மாட்டியிருக்க மாட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார் வழக்கறிஞர். ‘அளவை அறிந்தவன் மறைத்தேன்’ என்று பிரமாணப் பத்திரத்தில் என் பெயர் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது உதவுமா என்பது நீதிமன்றத்தின் கையில்.

இதைப் படிக்கிற எந்தத் தெருக்காரருக்கும் நான் சொல்ல ஒன்று இருக்கிறது. மனு எழுதும் முன் தெருவை அளந்துகொள்ளுங்கள். பத்துப் பேர் பார்க்க அளந்து, பத்துப் பேரும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல ஒருவனை நம்பி விட்டுவிடாதீர்கள், அவன் எவ்வளவு தெரிந்தவனாக இருந்தாலும்.

பிரமாணப் பத்திரத்துக்காகப் போன வாரம் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு டேப்போடு பிள்ளையார் கோயில் முன்னால் நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. அவளே வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்தமுறை வளையத்தை நான் வாங்கிக்கொண்டு, எண் இருக்கும் பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். டிரான்ஸ்பார்மர் ஓரம் போய்க் குனிந்து பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் அவள் பாட்டி விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார். என்னோடு அவர் இன்னும் பேசவில்லை.

“எவ்ளோம்மா?” என்று கேட்டேன்.

“பதிமூணு புள்ளி நாலு பூஜ்யம்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள்.